செல்லம், கொஞ்சல், சீராட்டு: சொற்பொருளும் வழக்கும்

செல்லம் என்பது ஒருவர் மீதுள்ள மிகுந்த அன்பையும், அந்த அன்பால் அவருக்குத் தரப்படும் தனிச் சலுகையையும் குறிக்கும் தமிழ்ச் சொல். குழந்தைகளைப் பற்றிய பேச்சிலேயே இது பெரிதும் வழங்குகிறது. கொஞ்சுதல், குலாவுதல், சீராட்டுதல், தாங்குதல், பொத்தி வளர்த்தல், இடம் கொடுத்தல் ஆகியவை இதனோடு சேர்த்து எண்ணத்தக்க சொற்கள். இவை ஒரே பொருளைத் தருவன போலத் தோன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை உண்டு. சில சொற்கள் அன்பை வெளிக்காட்டும் செயலைக் குறிக்கின்றன. சில பராமரிப்பைக் குறிக்கின்றன. சில கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டிக்காமல் விடுவதைக் குறிக்கின்றன. "செல்லம் கொடுத்தே பிள்ளையைக் கெடுத்துவிட்டாய்" என்ற வசை இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. தமிழ்ச் சொல்வழக்கோ இவற்றைத் தனித்தனியாகவே வைத்திருக்கிறது.

சொல்லும் பொருளும்

செல்லம் என்ற சொல் செல்வம் என்பதோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. செல்வம் உள்ள இடத்தில் குறைவற்ற வாழ்வும், அவ்வாழ்வில் குழந்தைக்குத் தனிக் கவனிப்பும் அமையும். பெற்றோருக்குப் பிள்ளையே செல்வம் என்ற கருத்தும் தமிழில் பழமையானது. "என் செல்வமே", "என் செல்லமே" ஆகிய இரு விளிகளும் இன்றும் ஒரே தாயின் வாயில் மாறிமாறி வருவதைக் கேட்கலாம்.

இச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைக்கும் பெட்டியும் செல்லம் எனப்படும். "வெற்றிலைச் செல்லம்" என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். பித்தளையிலோ வெள்ளியிலோ செய்யப்பட்ட இப்பெட்டி முற்காலத்தில் வசதியான வீடுகளின் அடையாளமாக இருந்தது.

செல்லம்மா, செல்லம்மாள், செல்லப்பா, செல்லையா, செல்லத்துரை முதலிய இயற்பெயர்களிலும் இச்சொல் இடம்பெறுகிறது. சுப்பிரமணிய பாரதியின் மனைவி பெயர் செல்லம்மா. 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியவர் சி. சு. செல்லப்பா. யாழ்ப்பாணத்தின் யோகர் சுவாமிகளுக்குக் குருவாக விளங்கியவர் செல்லப்பா சுவாமிகள். வீட்டுக்குள் கொஞ்சி அழைக்கும் சொல்லே ஊரறிந்த பெயராகவும் நிலைபெற்றிருப்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன.

செல்லம் சேர்ந்த தொடர்கள்

செல்லம் என்ற சொல் தனியே நிற்கும்போது அதில் குறை எதுவும் இல்லை. அதனுடன் சேரும் சொல்லே பாராட்டா, கண்டனமா, விளையாட்டா என்பதை முடிவு செய்கிறது.

செல்லப்பிள்ளை: குடும்பத்தில் அனைவரின் அன்பையும் பெற்ற பிள்ளை. பெரும்பாலும் கடைக்குட்டிக்கோ, நெடுநாள் கழித்துப் பிறந்த பிள்ளைக்கோ இப்பெயர் கிடைக்கும். வீட்டுக்கு வெளியே இதன் பொருள் சற்று மாறும். "அவர் மேலாளரின் செல்லப்பிள்ளை" என்றால், தகுதிக்கு மீறிய சலுகை பெறுபவர் என்ற குத்தல் அதில் இருக்கும்.

செல்லக்கோபம், செல்லச்சண்டை: உண்மையான கோபமும் சண்டையும் அல்ல. அன்பு குறையாது என்ற உறுதியின் மேல் நடத்தப்படும் விளையாட்டு. "செல்லமாகக் குட்டினார்", "செல்லமாகத் திட்டினார்" என்பவற்றிலும் இதே பொருள்தான். செயலின் கடுமையை நீக்கிவிடும் அடைமொழியாகச் செல்லம் இங்கே நிற்கிறது.

செல்லப்பெயர்: இயற்பெயர் அல்லாமல் வீட்டார் அன்பாக இட்டு அழைக்கும் பெயர்.

செல்லப்பிராணி: உழைப்புக்காகவோ உணவுக்காகவோ அல்லாமல் அன்புக்காக வளர்க்கப்படும் நாய், பூனை, கிளி முதலியன. உழவு மாட்டையும் பெயர் சொல்லிக் கொஞ்சும் வீடுகள் உண்டு; எனினும் அதை இச்சொல்லால் யாரும் குறிப்பதில்லை.

செல்லம் கொஞ்சுதல்: இத்தொடர் இரு பக்கமும் பயன்படும். தாய் பிள்ளையைச் செல்லம் கொஞ்சுவாள். வளர்ந்த பிள்ளை வேலை செய்யாமல் குழைந்து நின்றால், "செல்லம் கொஞ்சாதே, போய்ப் படி" என்று அதே தாய் அதட்டுவாள்.

செல்லம் கொடுத்தல்: கேட்டதையெல்லாம் செய்து, தவற்றைக் கண்டும் காணாமல் விடுதல். செல்லம் சேர்ந்த தொடர்களில் கண்டனப் பொருள் அதிகம் ஏறியது இதுவே. "செல்லம் கொடுத்துக் கெடுத்தல்" என்று கெடுத்தலைத் தனியாகச் சொல்லும் வழக்கைக் கவனிக்க வேண்டும். செல்லம் கொடுத்தாலே கெடுவது உறுதி என்றால் அந்த இரண்டாம் சொல்லுக்குத் தேவை இருக்காது.

கொஞ்சுதலும் குலாவுதலும்

கொஞ்சுதல் என்பது அன்பைக் குரலாலும் தொடுகையாலும் வெளிப்படுத்துவது. மழலை மொழியில் பேசுதல், கன்னத்தைக் கிள்ளுதல், முத்தமிடுதல், மடியில் வைத்து ஆட்டுதல் ஆகியவை இதில் அடங்கும். கிளி பேசுவதையும் கொஞ்சுதல் என்பர். "அழகு கொஞ்சும் ஊர்", "தமிழ் கொஞ்சும் பேச்சு" என்று இனிமை மிகுந்த எதற்கும் இச்சொல் விரிந்துள்ளது.

ஈழத்தமிழ்ப் பேச்சு வழக்கில் கொஞ்சுதல் என்பது முத்தமிடுதலையே நேரடியாகக் குறிக்கும். "அம்மாவுக்கு ஒரு கொஞ்சு தா" என்றால் ஒரு முத்தம் கொடு என்று பொருள். தமிழ்நாட்டு வாசகர் ஈழத்துக் கதைகளைப் படிக்கும்போது இவ்வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது.

குலாவுதல் என்பது நெருங்கிப் பழகி மகிழ்தல். பேச்சில் இது பெரும்பாலும் "கொஞ்சிக் குலாவுதல்" என்ற இணைச்சொல்லாகவே வரும். கொஞ்சுதலை ஒருவரே செய்யலாம். குலாவுதலுக்கு இருவரும் ஈடுபட வேண்டும்.

குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்து மகிழ்வது உச்சி முகர்தல். குழந்தையின் முகத்தைக் கைகளால் வழித்து, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து மடக்கிச் சொடுக்கொலி எழுப்புவது நெட்டி முறித்தல். இரண்டாவது வெறும் கொஞ்சல் அன்று. தன் கண்ணே பட்டுவிடுமோ என்ற பாட்டிமாரின் அச்சமும் அதில் கலந்திருக்கிறது.

தாஜா செய்தல், ஐஸ் வைத்தல் ஆகியவை கொஞ்சுதலுக்கு அருகில் இருப்பவை போலத் தோன்றும். ஆனால் இவற்றில் காரியம் சாதிக்கும் நோக்கம் உண்டு. சாப்பிட மறுக்கும் குழந்தையைத் தாஜா செய்து ஊட்டுவார்கள். ஊட்டி முடித்தபின் நோக்கமின்றிக் கொஞ்சுவார்கள்.

சீராட்டுதல், தாங்குதல், பொத்தி வளர்த்தல்

சீர் என்றால் சிறப்பு. ஒருவருக்கு வேண்டியதைப் பார்த்துப் பார்த்துச் செய்து சிறப்பாக வைத்துக்கொள்வது சீராட்டுதல். "சீராட்டிப் பாராட்டி வளர்த்தார்கள்" என்பது நிறைவான பாராட்டு. அதில் கண்டனம் சிறிதும் இல்லை.

தாங்குதல் என்பதில் எடையின் பொருள் இருக்கிறது. "உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார்கள்" என்றால், தரையின் கடுமை தெரியாதபடி காத்தார்கள் என்பது கருத்து. "கால் தரையில் படாமல் வளர்த்தார்கள்", "கண்ணுக்குள் வைத்துக் காத்தார்கள்", "பூப்போலப் பார்த்துக்கொண்டார்கள்" ஆகியவையும் இவ்வகையின. "தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்" என்பது மட்டும் அளவு மீறியதைச் சுட்டும் கேலி. உள்ளங்கையிலிருந்து தலைக்கு ஏறும்போது பாராட்டு ஏளனமாகிவிடுகிறது.

பொத்திப் பொத்தி வளர்த்தல் என்பது வெளியுலகின் காற்றுகூடப் படாமல் மறைத்து வளர்ப்பது. மிகுதியான அச்சத்தையும் பாதுகாப்பையும் குறிப்பதால் இது அரைப் பாராட்டாகவும் அரைக் குறையாகவும் ஒலிக்கும்.

இச்சொற்களுக்கு எதிர்நிலையில் நிற்பது சவலை. பால்குடி மறக்காத வயதிலேயே தாய் மீண்டும் கருவுற்றதால் போதிய பாலும் கவனிப்பும் இன்றி மெலிந்த குழந்தை சவலைப்பிள்ளை எனப்படும். சீராட்டு கிடைக்காத குழந்தைக்கென ஒரு தனிச்சொல் இருப்பது, சீராட்டை இம்மொழி ஆடம்பரமாகக் கருதாமல் குழந்தையின் தேவையாகவே எண்ணியதைக் காட்டுகிறது.

இடம் கொடுத்தல்

அன்பைப் பற்றியதாக இல்லாமல் எல்லையைப் பற்றியதாக இருக்கும் சொல் இடம் கொடுத்தல். "அவனுக்கு ரொம்ப இடம் கொடுத்துவிட்டீர்கள்" என்றால், அவன் தன் வரம்பைத் தாண்டும் அளவுக்கு விட்டுவிட்டீர்கள் என்று பொருள். "இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்" என்ற பழமொழி இதன் விளைவைச் சொல்கிறது. குழந்தை, மாணவர், பணியாளர், அண்டைவீட்டார் என யாரைப் பற்றியும் இதைச் சொல்லலாம். இடம் கொடுக்க அன்பு தேவையில்லை; சோம்பலோ அச்சமோ கூடப் போதும்.

இதன் விளைவாகக் குழந்தையிடம் தோன்றுவதாகச் சொல்லப்படும் குணங்களுக்கும் தனிச்சொற்கள் உள்ளன: அடம், பிடிவாதம், முரண்டு, வீம்பு, சிணுங்கல். இவற்றுள் சிணுங்கல் மெல்லியது. அடம் பிடிக்கும் குழந்தை கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். வீம்பு பிடிக்கும் குழந்தை கிடைத்தாலும் வாங்காது.

"ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு" என்ற வழக்கு வேறொரு தவற்றைச் சுட்டுகிறது. ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் செல்லம் கிடைப்பதே அது. மகனுக்கு முட்டையும் மகளுக்குப் பாத்திரம் கழுவும் வேலையும் கிடைத்த வீடுகளில் குறை செல்லத்தில் இல்லை, அதைப் பங்கிட்ட விதத்தில் இருந்தது.

செல்லமாக அழைக்கும் சொற்கள்

தமிழில் கொஞ்சி அழைக்கும் சொற்களைச் சில வகைகளாகப் பிரிக்கலாம்.

மதிப்புள்ள பொருள்கள்: தங்கம், வைரம், முத்து, பட்டு, செல்வம்.

உடலுறுப்பும் உயிரும்: கண்ணு, கண்மணி, உயிர்.

சிற்றுயிர்கள்: குட்டி, குஞ்சு, கிளி, மான்குட்டி. "என்ர குஞ்சு" என்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் கேட்கும் விளி.

உயர்நிலை: ராசா, ராசாத்தி, மகாராசா. கொங்கு நாட்டில் சிறுவனையும் "சாமி" என்று அழைப்பர்.

உறவுமுறை: மகனை "அப்பா", "ஐயா" என்றும், மகளை "அம்மா", "ஆத்தா" என்றும் அழைத்தல். பாட்டன், பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடும் வழக்கம் இதற்கு ஒரு காரணம். பெரியவர் பெயரைச் சொல்லி அதட்ட மனம் வராது.

மரியாதை விகுதியும் இதில் விளையாடுகிறது. இரண்டு வயதுக் குழந்தையிடம் "வாங்க, சாப்பிடுங்க" என்று பன்மையில் பேசுவது செல்லம். வளர்ந்த மகனிடம் "வாடா" என்பதும் செல்லம்தான். வழக்கமான மரியாதை அளவிலிருந்து மேலே சென்றாலும் கீழே இறங்கினாலும், உறவு நெருக்கமானதாக இருந்தால் அது அன்பாகவே கேட்கும். நெருக்கம் இல்லாத இடத்தில் அதே "வாடா" அவமதிப்பு ஆகும்.

இலக்கியத்தில்

திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரம் (7) குழந்தை கையளைந்த கூழின் சுவையையும், குழந்தை தீண்டும் இன்பத்தையும், மழலை கேட்கும் இன்பத்தையும் பேசுகிறது. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூறு 188-ஆம் பாடல், உணவைத் தொட்டும் துழாவியும் மேலெல்லாம் சிதறியும் உண்ணும் குழந்தை இல்லாத வாழ்வு பயனற்றது என்கிறது. இவ்விரண்டிலும் குழந்தை செய்யும் அலங்கோலம் குறையாகக் காட்டப்படவில்லை.

பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கிய வகை கொஞ்சுதலையே நூலாக்கியது. கண்ணனின் குழந்தைப் பருவத்தைத் தாய்நிலையில் நின்று பாடிய பெரியாழ்வாரின் பாசுரங்கள் இதற்கு முன்னோடி. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழன் மீது பிள்ளைத்தமிழ் பாடினார். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனத் தொடங்கும் பத்துப் பருவங்கள் இவ்வகைக்கு உண்டு. தால் என்றால் நாக்கு. நாவை அசைத்து இசைப்பதால் தாலாட்டு எனப் பெயர் வந்தது என்பர். அம்புலிப் பருவத்தில், குழந்தையோடு விளையாட வருமாறு நிலவைச் சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நால்வகை வழிகளாலும் அழைப்பது மரபு. அரசியல் உத்திகள் நான்கும் குழந்தையைக் களிப்பூட்டும் வேலைக்கு இறங்கி வருகின்றன.

செல்லத்தின் விளைவைப் பற்றிப் பேசும் அரிய பாடல் போதனார் இயற்றிய நற்றிணை 110. வளமான வீட்டில் ஒரு சிறுமிக்குத் தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி வருகிறார்கள். நரைத்த கூந்தலையுடைய செவிலியர் சிறு கோலை ஓங்கி, குடிக்கும்படி மிரட்டுகிறார்கள். அவள் குடிக்க மறுத்துச் சிலம்பொலிக்கப் பந்தலுக்கு ஓடுகிறாள்; பின்தொடர்ந்த செவிலியர் களைத்துப் போகிறார்கள். அந்தப் பெண் இப்போது மணமாகி வறுமையுற்ற கணவன் வீட்டில் இருக்கிறாள். தந்தை வீட்டின் வளமான சோற்றை நினைக்காமல், ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்டு வாழ்கிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் எங்கே கற்றாள் என்று தாய் வியக்கிறாள். செல்லமாக வளர்ந்த பிள்ளை துன்பத்தைத் தாங்காது என்ற எண்ணத்துக்கு இப்பாடல் நேர்மாறாக நிற்கிறது. ஓங்கிய கோல் அவள் மேல் விழுந்ததாகவும் பாடல் சொல்லவில்லை.

பெரியவர்களுக்குக் கிடைக்கும் சீராட்டு

செல்லம் குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. மசக்கையில் இருக்கும் பெண் கேட்டதைச் செய்து கொடுப்பதும், வளைகாப்பில் பலவகைச் சாதங்கள் சமைப்பதும், முதற் பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்து கவனிப்பதும் சீராட்டின் வடிவங்கள். தலைதீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைக்கு நடக்கும் உபசாரமும் இவ்வகையே. ஆனால் அதைச் செல்லம் என்று யாரும் சொல்வதில்லை. "மாப்பிள்ளையைத் தாங்குகிறார்கள்" என்பார்கள். செல்லம் என்ற சொல் இயல்பாக மூத்தவரிடமிருந்து இளையவருக்கே இறங்குகிறது. முதிர்ந்த பெற்றோருக்குப் பிள்ளைகள் செய்வது பேணுதல், பார்த்துக்கொள்ளுதல் எனப்படும்.

செல்லம் கெடுக்குமா?

"முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்பது ஒரு பழமொழி. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு" என்பது மற்றொன்று. பழமொழிகளை மட்டும் கொண்டு இக்கேள்விக்கு விடை காண முடியாது. இரு தரப்புக்கும் பழமொழி உண்டு.

உளவியலிலும் கருத்து மாறி வந்துள்ளது. அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் 1928-இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூலில், குழந்தைகளை அணைப்பதையும் முத்தமிடுவதையும் தவிர்க்குமாறு பெற்றோருக்கு அறிவுறுத்தினார். 1950-களின் இறுதியில் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளை வைத்துச் செய்த சோதனைகள் இதற்கு எதிரான திசையைக் காட்டின. கம்பியால் ஆன, பால் தரும் பொம்மைத் தாயைவிட, மென்துணி சுற்றிய பொம்மைத் தாயிடமே குட்டிகள் நெடுநேரம் ஒட்டிக்கொண்டிருந்தன. அணைப்பு என்பது உணவுக்கு அப்பாற்பட்ட தனித் தேவை என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

1960-களில் டயானா பாம்ரிண்ட் குழந்தை வளர்ப்பு முறைகளை ஆராய்ந்து, அன்பும் கட்டுப்பாடும் சேர்ந்த முறை, கட்டுப்பாடு மட்டும் மிகுந்த முறை, கட்டுப்பாடில்லாமல் விட்டுக்கொடுக்கும் முறை எனப் பிரித்தார். 1983-இல் எலினார் மெக்கோபியும் ஜான் மார்ட்டினும் இரண்டும் இல்லாத புறக்கணிப்பு முறையையும் சேர்த்தனர். இப்பகுப்பில் அன்பு ஓர் அளவுகோல், எல்லை வகுத்தல் மற்றோர் அளவுகோல். ஒன்று கூடினால் மற்றொன்று குறையும் என்ற கட்டாயம் இல்லை.

தமிழ்ச் சொற்கள் காட்டும் வேறுபாடும் இதுவே. கொஞ்சுதலும் சீராட்டுதலும் முதல் அளவுகோலில் நிற்பவை. இடம் கொடுத்தல் இரண்டாவதில் நிற்பது. அழும் குழந்தையைத் தூக்கி அணைப்பது கொஞ்சல். அழுகையை நிறுத்துவதற்காகக் கைப்பேசியைக் கொடுப்பது இடம் கொடுத்தல். தவற்றைக் கண்டித்த பிறகு மடியில் அமர்த்திக்கொள்வது கொஞ்சல். கொஞ்சுவதற்காகத் தவற்றையே மறைப்பது இடம் கொடுத்தல். பிள்ளை தவறினால் வீட்டில் பழி பெரும்பாலும் பாட்டி மீதோ தாய் மீதோ விழுகிறது. அவர்கள் செய்தது இவற்றுள் எது என்று யாரும் கேட்பதில்லை. கொஞ்சலை நிறுத்துவதே திருத்தும் வழி என்று முடிவு செய்யும் வீட்டில், எல்லை வகுக்கும் வேலை அப்படியே நிற்க, குழந்தைக்கு அணைப்பு மட்டும் குறைந்துபோகிறது.

எழுத்து வழக்கில் கவனிக்க வேண்டியவை

செல்லம் என்பது மகர ஈற்றுச் சொல். வல்லினத்தில் தொடங்கும் சொல்லோடு சேரும்போது மகரம் கெட்டு வல்லினம் மிகும்: செல்லப்பிள்ளை, செல்லக்குட்டி, செல்லச்சண்டை, செல்லத்தம்பி. மெல்லினத்தோடு சேரும்போது மகரம் மட்டும் கெடும்: செல்லமகள்.

வேற்றுமை உருபுகளும் மாறும். குழந்தையைக் கொஞ்சினாள், குழந்தைக்குச் செல்லம் கொடுத்தாள், குழந்தையோடு குலாவினாள்.

கொஞ்சுதலைக் கெஞ்சுதலோடு குழப்பக்கூடாது. கெஞ்சுதல் என்பது தாழ்ந்து இரத்தல். சிறிதளவைக் குறிக்கும் கொஞ்சம் என்ற சொல்லும் பொருளால் வேறானது.

விளம்பரங்களில் பேம்பர் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே மாற்றி, "உங்கள் சருமத்துக்குச் செல்லம் கொடுங்கள்" என்று எழுதுவதைக் காணலாம். தமிழில் உயிருள்ளவற்றுக்கே செல்லம் கொடுக்கப்படும். சருமத்தைப் பேணலாம், கூந்தலைப் பராமரிக்கலாம். ஓய்வுநாளில் ஒருவர் தமக்குப் பிடித்ததை உண்டு உறங்கி மகிழ்வதைச் "சொகுசாக இருத்தல்" என்றால் போதும்.